பூணும் பல்லும்

தமிழ்நாட்டுப் பல் மருத்துவமனைகளில் 'கேப்' என்ற சொல்லே எல்லோர் வாயிலும் வழங்குகிறது. பாடநூல்கள் 'கிரவுன்' என்று குறிப்பிடுவதும் இதையே. சொத்தையாலோ உடைந்துபோனதாலோ வேர் சிகிச்சைக்குப் பின்னோ வலுவிழந்த ஒரு பல்லைச் சுற்றிலும் இழைத்துக் குறைத்து, அதன்மேல் உலோகத்தாலோ பீங்கானாலோ சிர்க்கோனியாவாலோ செய்த மெல்லிய கூடு ஒன்றைப் பொருத்தி, சிமெண்ட் எனப்படும் பசையால் ஒட்டிவிடுவதே கேப் போடுதல் ஆகும். கேப் என்றால் தொப்பி என்பதால், தலைமேல் கவிழ்க்கும் ஒன்றின் உருவமே கேட்பவர் மனத்தில் எழுகிறது. மேலிருந்து மூடியாகிவிட்டது, உள்ளே இருப்பதற்கு இனிக் கேடில்லை என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தே வருகிறது. இத்தொழிலுக்குள் பல ஆண்டுகள் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லைவிடப் பொருத்தமாகத் தோன்றுவது தமிழில் முன்பே இருக்கிற ஒரு சொல்: பூண். உலக்கையின் நுனி பிளந்துவிடாதபடி அதைச் சுற்றி இறுக்கும் இரும்பு வளையத்துக்குப் பூண் என்று பெயர். பூணின் வேலை மரத்தை மூடுவதன்று, பிடித்துக்கொள்வது. மரம் திடமாக இருக்கும்வரைதான் அதற்குப் பிடிமானம் உண்டு. மரம் உளுத்துப்போனால், எவ்வளவு நல்ல இரும்பில் அடித்திருந்தாலும் பூண் கழன்று விழும்.

கேப் செய்யும் வேலையும் இதுவேதான் என்பதை, வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்துக்கொண்டால் எளிதில் காணலாம். ஆறு வயதில் முளைத்து, நிரந்தரப் பற்களுள் நெடுங்காலம் உழைக்கும் கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லுக்கே இந்தச் சிகிச்சை மிகுதியும் தேவைப்படுகிறது. வேர் சிகிச்சை என்பது, பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழை நீக்கி, அது இருந்த குழாய்களைச் சுத்தம் செய்து அடைப்பதாகும். அதற்காகப் பல்லின் மேற்கூரையைத் திறந்தாக வேண்டும். சொத்தை ஏற்கெனவே ஒன்றிரண்டு பக்கங்களைத் தின்றிருக்கும். எஞ்சுபவை உத்தரம் எடுக்கப்பட்ட வீட்டின் சுவர்களைப்போல் தனித்தனியே நிற்கும். மெல்லும்போது விழும் விசை அச்சுவர்களை வெளிப்புறமாக நெக்கித் தள்ளுவதால், ஒருநாள் சாதாரணச் சோற்றுக் கல் ஒன்றைக் கடித்ததற்கே பல் வேர்வரை இரண்டாகப் பிளந்துவிடக்கூடும். அச்சுவர்கள் விலகாதபடி சுற்றிப் பிடிப்பதே கேப்பின் முதற்பணி. அந்தப் பிடிப்பு கிடைக்க வேண்டுமானால், ஈறுக்கு மேலே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்காவது திடமான பல் சுற்றிலும் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இத்துறையில் நிலைபெற்ற விதி. விரல் நகத்தின் வெண்ணிற ஓரத்தளவே உள்ள அந்தப் பட்டையின்மேல்தான் எல்லாம் நிற்கிறது. புதிய கேப்பைப் பராமரிப்பது என்று சொல்லப்படுவது உண்மையில் அந்தப் பட்டையைப் பராமரிப்பதே. கூடு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

கூடு எத்தனை நுட்பமாகச் செய்யப்படுகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்வது தகும். உலோகக் கேப் இன்றும் பெரும்பாலும் மெழுகு வார்ப்பு முறையிலேயே உருவாகிறது. முதலில் பல்லின் அச்சின்மேல் மெழுகால் கேப்பை வனைந்து, அதைச் சுற்றி வார்ப்புக் கலவையை ஊற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தைச் செலுத்துவார்கள். அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட் 1907-இல் பல் மருத்துவத்தில் பரவலாக்கிய இந்த முறையும், சுவாமிமலை ஸ்தபதிகள் காவிரி வண்டல் மண்ணைப் பூசிப் படிமங்கள் வார்க்கும் முறையும் அடிப்படையில் ஒன்றே. வேறுபாடு அளவில்தான் இருக்கிறது: ஆறும்போது உலோகம் சுருங்கும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைக்கூடக் கணக்கிட்டு, அதே அளவுக்கு விரியக்கூடிய கலவையைத் தொழில்நுட்பர் தேர்ந்தெடுக்கிறார். இப்போது மிகுதியாகப் போடப்படும் சிர்க்கோனியா கேப்புகள் கணினி வழியே கடைந்தெடுக்கப்படுகின்றன. சுண்ணக்கட்டி போன்ற மென்மையான கட்டியிலிருந்து வேண்டிய அளவைவிடப் பெரிதாகக் கடைந்து, ஏறத்தாழ 1500 டிகிரி வெப்பத்தில் சுட்டெடுக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து இறுகும். பிறகு அதை உடைப்பது அரிது. இத்தகைய கேப்புகளுடன் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று உத்தரவாத அட்டை ஒன்றும் தரப்படுகிறது. அந்த அட்டை கூட்டுக்கு மட்டுமே உரியது. கூட்டின் உள்ளே இருக்கும் பல்லுக்கு எந்தத் தொழிற்கூடமும் அட்டை எழுதித் தருவதில்லை என்பதை, அதைக் கையில் கொடுக்கும்போதே நோயாளிக்குச் சொல்லிவிடுவது மருத்துவரின் கடமையாகும்.

பல்லும் கூடும் சந்திக்கும் கோட்டை விளிம்பு என்பர். ஈறின் ஓரத்தை ஒட்டியோ, அதற்குச் சற்றுக் கீழேயோ, பல்லைச் சுற்றி ஒரு வட்டமாக அது ஓடுகிறது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அங்கே ஓர் இடைவெளி இருந்தே தீரும். அதைச் சிமெண்ட் நிரப்புகிறது. 1971-இல் மெக்லீன், ஃபான் ஃப்ரான்ஹோஃபர் என்னும் இருவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேப்புகளையும் பிற வார்ப்புகளையும் ஐந்து ஆண்டுகள் ஆராய்ந்து, அந்த இடைவெளி 120 மைக்ரானுக்குள் இருந்தால் ஏற்கலாம் என்று வரையறுத்தனர். இன்றுவரை அந்த எண்ணே மேற்கோளாக நிற்கிறது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். பல்லை அரிக்கும் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணுயிரின் குறுக்களவோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மருத்துவர் தம் கைத்திறமையின் உச்சியில் நின்று, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒட்டவைக்கும் விளிம்புகூட அந்த உயிருக்கு அகலமான வாசல்தான். ஆகவே வாசலை அடைத்துவிட்டோம் என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. வாசலில் குப்பை சேராமல் பார்த்துக்கொள்ளும்படி நோயாளியிடம் கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

பல்லை இழைத்து அளவெடுத்த நாளுக்கும் கேப் ஒட்டும் நாளுக்கும் இடையே சில நாட்கள் கழியும். அதுவரை பல்லை மூடிவைக்க, அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக்கால் ஆன தற்காலிகக் கேப் ஒன்று போடப்படுவதுண்டு. அது கிராம்பு எண்ணெயின் சாரம் கலந்த மென்பசையால் வேண்டுமென்றே தளர்வாக ஒட்டப்படுகிறது. அது கழன்றுவிட்டால், வலியில்லையே என்று ஒரு வாரம் விட்டுவிடுவோர் பலர். பற்கள் கல்லில் நட்ட கம்பங்கள் அல்ல. தாங்கும் துணை விலகினால் பக்கத்துப் பற்கள் மெல்லச் சாய்கின்றன, எதிர்ப்பல் இறங்குகிறது, ஈறு விளிம்பின்மேல் ஏறிப் படர்கிறது. இழைத்த நாளின் அளவுக்குச் செய்யப்பட்ட கேப், பத்து நாள் கழித்து அதே வாயில் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

நிரந்தரமாக ஒட்டும் நாளில் நடப்பவற்றுள் நோயாளிக்குத் தெரிவது மிகச் சில. முதலில் பசையில்லாமல் கேப்பை வைத்து, பக்கத்துப் பற்களோடு அது தொடும் இடத்தில் மெழுகிட்ட நூலை இறக்கிப் பார்க்கிறார் மருத்துவர். நூல் சிறிய 'டக்' என்ற ஒலியோடு இறங்கினால் தொடுகை சரி, வழுக்கிக்கொண்டு இறங்கினால் உணவு சிக்கும், இறங்கவே மறுத்தால் கேப் இன்னும் முழுவதும் அமரவில்லை. பிறகு பஞ்சு உருளைகளை வைத்துப் பல்லை உலர்த்தி, கேப்பின் உட்சுவரில் மெல்லிய படலமாகச் சிமெண்டைத் தடவி, விரலால் அழுத்தி அமர்த்திப் பஞ்சைக் கடிக்கச் சொல்கிறார். விளிம்பு முழுவதும் வெண்மையாகப் பசை பிதுங்கி வர வேண்டும். ஓரிடத்தில் வராவிட்டால் அங்கே உள்ளே வெற்றிடம் இருக்கலாம். பிதுங்கிய பசை முதலில் தயிர்போல் இழுபடும், பின்பு ரப்பர்போல் ஆகும், பின்பு கல்லாகும். ரப்பராக இருக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் அதைத் துண்டாகப் பெயர்த்தெடுக்க முடியும். முன்கூட்டித் துடைத்தால் விளிம்புக்குள் இருப்பதும் இழுபட்டு வந்துவிடும். பிந்தினால் கல்லைக் குடைந்தெடுக்க வேண்டிவரும். நடுவே முடிச்சிட்ட நூலைப் பற்களுக்கிடையே இழுத்து, ஒளிந்திருக்கும் துணுக்குகளையும் வெளியே கொண்டுவருவார்கள். அரிசிக் குருணையளவு பசை ஈறுக்குள் தங்கிவிட்டால்கூட அந்த ஈறு மாதக்கணக்கில் சிவந்து வீங்கித் தொட்டால் இரத்தம் கசிய நிற்கும். புதிய கேப்பைச் சுற்றி ஒரே இடத்தில் ஈறு ஆறாமல் இருந்தால் நோயாளி தம் பல் துலக்கலைக் குறைகூறிக்கொள்ள வேண்டியதில்லை. மருத்துவரிடம் திரும்பிச் சென்று அந்த இடத்தைப் பார்க்கச் சொல்வதே முறை.

சிமெண்ட் சில நிமிடங்களில் கெட்டிப்பட்டாலும் முழு வலுவை எட்ட நேரமாகும். இங்கே மிகுதியாகப் புழங்குவது கிளாஸ் அயனோமர் எனப்படும் வகை; லண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் 1972-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. கண்ணாடித்தூளும் ஓர் அமிலமும் கலந்து இறுகும் இப்பொருள், முதல் ஒரு நாள் முழுவதும் உள்ளுக்குள் முதிர்ந்துகொண்டே இருக்கும். பல்லோடு வேதிப் பிணைப்பும் கொண்டு, சிறிதளவு ஃபுளோரைடையும் கசியவிடும். ஒட்டிய முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் உண்ணாமல், அன்று முழுவதும் மறுபக்கத்திலேயே மென்று, ஒட்டிப் பிடிக்கும் மிட்டாய்களைத் தவிர்க்கச் சொல்வது இந்த முதிர்ச்சிக்காகத்தான். ஒளிபாய்ச்சி இறுக்கும் ரெசின் வகைச் சிமெண்ட் பயன்பட்டிருந்தால் இவ்வளவு காத்திருப்பு தேவைப்படாது. எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் கீழுதடும் நாக்கும் மூன்று மணி நேரத்துக்கு மேலும் உணர்வற்றிருக்கும். அந்நேரத்தில் சூடான காபி அருந்துவதும் மென்று உண்பதும் கூடாது. சிறுவர்கள் மட்டுமன்றிப் பெரியவர்களும் தம் கன்னத்தை அறியாமலே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதுண்டு.

புதிய கேப்பில் பிற எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்க வேண்டியதும், நோயாளிகள் அதிகம் பொறுத்துக்கொண்டுவிடுவதும் உயரமே ஆகும். 'கொஞ்சம் தூக்கலா இருக்கு டாக்டர், பழகினா சரியாயிடும் இல்லையா' என்று நோயாளியே கேட்டு, தாமே விடையும் சொல்லிக்கொள்வார். பல் எலும்பில் நேரடியாகப் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே சுமார் கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள நாரிழைப் படலம் ஒன்று, கயிற்றுக் கட்டில் பின்னல்போல அதைத் தொங்கவிட்டுத் தாங்குகிறது. அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அந்தப் படலத்தில் அடர்ந்திருக்கின்றன. இரண்டு பற்களுக்கிடையே 20 மைக்ரான் அளவுக்கு ஏதேனும் வந்தாலும் வாய் அதைக் கண்டுகொள்வது அதனால்தான். வேர் சிகிச்சையில் பற்கூழ் நீக்கப்பட்டாலும் இந்தப் படலம் உயிரோடேயே இருக்கிறது; நரம்பு எடுத்த பல் எப்படி வலிக்கும் என்று குழம்புவோருக்கு உரிய விடையும் இதுவே. கேப் ஒரு முடியளவு உயர்ந்திருந்தால், வாய் மூடும் ஒவ்வொரு முறையும் மற்றப் பற்கள் தொடுமுன் அந்தப் பல் மட்டும் அடி வாங்குகிறது. சில நாட்களில் படலம் புண்பட்டு, கடித்தால் வலி, பிறகு தொட்டால் வலி, சிலருக்குத் தாடை மூட்டில் வலி என்று அது வளர்கிறது. எதிர்ப்பல்லுக்கும் இதே கேடு நேரும்.

இதைக் கண்டறியும் கருவி ஒரு நீலத்தாள். மையூட்டிய அந்த மெல்லிய தாளைப் பற்களுக்கிடையே வைத்து, 'கடிங்க, இப்ப பக்கவாட்டில் அரைங்க' என்று சொன்னால், தொடும் இடங்களில் நீலப் புள்ளிகள் விழும். பல புள்ளிகள் மங்கலாகப் பரவியிருந்தால் கடி சீராக இருக்கிறது. ஒரே இடத்தில், நடுவில் வெளிறிச் சுற்றிலும் கருநீல வளையமாக ஒரு குறி விழுந்தால், அங்கேதான் முட்டுகிறது. அந்தப் புள்ளியை மட்டும் இழைத்து, மறுபடியும் தாளை வைத்துப் பார்த்து, நோயாளி தம்மையறியாமல் தலையசைத்து 'இப்ப சரி' என்று சொல்லும்வரை இதைத் தொடர வேண்டும். மரத்துப்போன வாயால் இதைத் திருத்தமாகச் சொல்ல முடியாது. சாய்ந்து படுத்திருக்கும் நிலையில் தாடை சற்றுப் பின்னால் விழுவதால் கடியும் மாறித் தெரியும். ஆகவே ஒட்டிய அன்று சரியாக இருந்தது மறுநாள் உண்ணும்போது தூக்கலாகத் தெரிவதில் வியப்பில்லை. மூன்று நாள் கழித்தும் முட்டுவதுபோல் இருந்தால் திரும்பிச் செல்ல வேண்டும், பழகிக்கொள்ளக் கூடாது. திருத்திய இடத்தை மெருகேற்றும்படி கேட்பதும் தவறன்று. கரடுமுரடாக விடப்பட்ட சிர்க்கோனியா, எதிரிலுள்ள இயற்கைப் பல்லை உப்புத்தாள்போல் தேய்த்துவிடும்.

பற்கூழ் உயிரோடிருக்கும் பல்லுக்குக் கேப் போடப்பட்டிருந்தால் குளிர்நீர் பட்டதும் சில நாட்களுக்குக் கூச்சம் இருக்கலாம். அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல், சூடு பட்டதும் எழுந்து நெடுநேரம் நிற்கும் வலியாகவோ, இரவில் தானே விழிக்கவைக்கும் வலியாகவோ மாறினால் பற்கூழ் அழற்சி கொண்டிருக்கிறது என்று பொருள். கேப்பைக் கழற்றாமல் அதன் நடுவே துளையிட்டே வேர் சிகிச்சை செய்ய முடியும் என்பதால், கேப் வீணாகிவிடுமோ என்ற அச்சத்தில் வலியைத் தாங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அன்றாடப் பராமரிப்பின் மையம் பற்படலம். துலக்கிய சில மணி நேரத்திலேயே பல்லின்மேல் நுண்ணுயிர்கள் படியத் தொடங்கி, நாளடைவில் பிசுபிசுப்பான வெண்படலமாகத் திரளும். டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்டு லோவும் அவருடைய துணைவர்களும் 1965-இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவை ஐயமற நிறுவியது: ஆரோக்கியமான ஈறுகளைக் கொண்ட 12 பேர் பல் துலக்குவதை முற்றிலும் நிறுத்தினர்; 10 முதல் 21 நாட்களுக்குள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது; மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. கேப் போட்ட பல்லுக்கு இந்த ஆய்வு இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனெனில் விளிம்பின் நுண்ணிய படிக்கட்டு படலத்துக்கு இயற்கைப் பல்லைவிட நல்ல இருப்பிடம்.

பலரும் துலக்குவது கேப்பின் மேற்பரப்பைத்தான். அது பளபளப்பாக இருந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. தூரிகை போக வேண்டிய இடமோ அதற்குக் கீழே, ஈறும் கேப்பும் சேரும் கோடு. மென்மையான இழைகளை ஈறை நோக்கி 45 பாகைச் சாய்வில் வைத்து, அழுத்தாமல், இருந்த இடத்திலேயே சிறிதாக அதிரவைத்து, இழைகளின் நுனி ஈறின் ஓரத்துக்குள் சற்றே புகும்படி செய்ய வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர் சார்லஸ் பாஸ் வகுத்த முறை இது. நாக்குப் பக்கத்துக்கும் இதே கவனம் தேவை, கீழ்க்கடைவாயில் அதுவே பெரும்பாலும் விட்டுப்போகிறது. உமிக்கரி, செங்கற்பொடி, உப்பு, சொரசொரப்பான பல்பொடி ஆகியவற்றால் விரல்கொண்டு தேய்க்கும் பழக்கம் கிராமங்களில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. இவை பீங்கானின் மெருகை மங்கச் செய்வதோடு, விளிம்புக்குக் கீழே வெளிப்பட்டிருக்கும் வேரையும் குடைந்து பள்ளமாக்கிவிடும். எனாமல் என்னும் கடினமான மேலோடு வேருக்கு இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தூரிகை எட்டாத இடம் பற்களின் இடுக்கு. கேப்புக்கு அடுத்த பல்லோடு தொடும் இடம் சற்றே தளர்ந்திருந்தாலும் மாம்பழ நாரும் கீரைத்தண்டும் இறைச்சித் துணுக்கும் அங்கே செருகிக்கொள்ளும். உணவு முடிந்ததும் ஊக்கு, குச்சி, தீக்குச்சி என்று கைக்குக் கிடைத்ததால் குத்துவது தொடங்கும். குத்தக் குத்த இடுக்கு அகலமாகி, ஈறு தாழ்ந்து, சிக்குவதும் கூடும். ஒவ்வொரு வேளையும் ஒரே இடத்தில் சிக்கினால் அது கேப்பின் தொடுகையில் உள்ள குறை. அதைச் செய்தவரிடமே காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். தொடுகை சரியாக இருந்தும் அங்கே படலம் படியும் என்பதால், நாளுக்கு ஒருமுறை, இரவில், மெழுகிட்ட பல்லிடை நூலை இறக்கிக் கேப்பின் சுவரை அணைத்து மேலும் கீழுமாக இரண்டு மூன்று முறை தேய்த்தெடுப்பது நல்லது. தற்காலிகக் கேப் இருக்கும்வரை நூலை மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுக்க வேண்டும். ஈறு தாழ்ந்து இடுக்கு அகன்றவர்களுக்கு நூலைவிடப் பல்லிடைத் தூரிகை எனும் சிறிய புட்டித்தூரிகை போன்ற கருவி மேலானது.

சொத்தை கேப்பைத் தின்பதில்லை, விளிம்புக்குக் கீழுள்ள வேரைத் தின்கிறது. வாயின் அமிலத்தன்மை ஓர் எல்லையைத் தாண்டும்போது பல்லின் தாதுக்கள் கரையத் தொடங்கும். எனாமலுக்கு அந்த எல்லை 5.5 என்ற பிஎச் அளவு, வேருக்கோ 6-க்கும் மேலேயே கரைதல் தொடங்கிவிடுகிறது. அதாவது மற்றப் பற்கள் தாங்கிக்கொள்ளும் அமிலத்தைக் கேப்பின் அடியிலுள்ள வேர் தாங்காது. ராபர்ட் ஸ்டீபன் 1940-களில் காட்டியபடி, இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் படலத்தின் பிஎச் சரிந்து, மீண்டும் ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கிறது. காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் இரண்டு என்று சர்க்கரை போட்ட டீயை நாள் முழுவதும் பருகுபவரின் வாயில் பிஎச் ஏறி முடிக்குமுன் மறுபடியும் இறங்கிவிடுகிறது. விருந்தில் ஒருமுறை உண்ணும் அதிரசத்தைவிட இந்தத் தொடர் டீயே கேப்புக்குப் பெரிய பகை. பத்து லட்சத்தில் 1000 முதல் 1500 பங்கு ஃபுளோரைடு உள்ள பற்பசையைப் பயன்படுத்தி, துலக்கியபின் துப்பிவிட்டு, வாய்நிறையக் கொப்பளிக்காமல் இருந்தால் அந்த ஃபுளோரைடு விளிம்பில் தங்கிக் கரைதலை எதிர்க்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரின் மிகை ஃபுளோரைடால் பழுப்பேறிய பற்களோடு வளர்ந்தவர்கள் ஃபுளோரைடு என்ற சொல்லையே அஞ்சுவது இயல்பு. ஆனால் அந்தக் கறை, பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் குடித்த நீரால் விளைவது. வளர்ந்தவர் துலக்கித் துப்பும் பற்பசையால் அது வருவதில்லை. இரத்த அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ மருந்துண்பவர்களுக்கு எச்சில் குறைந்து வாய் உலரக்கூடும்; அமிலத்தைக் கழுவுவது எச்சிலே என்பதால் அவர்களும், ஈறு நோய் எளிதில் பற்றும் நீரிழிவு உள்ளவர்களும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

கேப் போட்ட பல்லால் எல்லாவற்றையும் உண்ணலாம் என்று சொல்வதே சரி. அதற்காகத்தான் அது போடப்பட்டது. இருந்தாலும் சில பொருள்களுக்கு விலக்குக் கேட்பதுண்டு. சீடை, பொரிவிளங்காய் உருண்டை, கொட்டைப்பாக்கு, நல்லி எலும்பு ஆகியவற்றைக் கடைவாயில் வைத்து நொறுக்குவது, உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய கேப்பின் பூச்சைச் சில்லாகப் பெயர்க்கும். பெயராத கேப்பானால் விசை அடியிலுள்ள பல்லுக்குப் போய்ச் சேரும். பொங்கலில் கரும்பைத் தோலுரிக்கக் கேப் போட்ட பல்லைக் கொடுப்பது குறடுக்குப் பதிலாகப் பல்லைப் பயன்படுத்துவதே. பாக்கு வெறும் கடினத்தால் மட்டும் தீயதன்று. வாயின் உட்சதையை இறுகவைத்துத் திறப்பைக் குறுக்கும் நோயைத் தருவது, புற்றுநோய்க்கும் வழிவகுப்பது. வாய் திறக்க முடியாதவருக்குக் கடைவாயில் எந்தப் பராமரிப்பும் இயலாது. உறக்கத்தில் பல் கடிப்பவர்கள் பெரும்பாலும் அதை அறிவதில்லை; காலையில் தாடை சோர்ந்திருப்பதும், உடன் உறங்குபவர் சொல்வதுமே அறிகுறி. அவர்களுக்கு அளவெடுத்துச் செய்த கடினமான இரவுத்தட்டு ஒன்று கேப்பைவிட முதன்மையான தேவை.

வேர் சிகிச்சை செய்த பல்லின் ஆபத்து அதன் மௌனத்தில் இருக்கிறது. நரம்பில்லாத பல் சொத்தையாகும்போது கூசாது, வலிக்காது. குரைக்க நாய் இல்லாத வீட்டில் திருடன் நிதானமாக வேலை பார்ப்பதுபோல் அரிப்பு உள்ளே பரவும். வலி வந்தபின் போகலாம் என்ற வழக்கம் மற்றப் பற்களுக்கே தீங்கு. இந்தப் பல்லுக்கு அது முடிவு. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை மருத்துவர் கூர்மையான ஆய்வூசியின் நுனியால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, எங்கேனும் அது சிக்கினாலோ மெத்தென்று இறங்கினாலோ கண்டுகொள்ள முடியும். உலோகமும் சிர்க்கோனியாவும் ஊடுகதிரை மறைப்பதால் கேப்பின் அடியில் என்ன நடக்கிறது என்பது படத்தில் தெரியாது. பக்கவாட்டு விளிம்புகள் மட்டுமே தெரியும். கதிர்ப்படம் எடுத்தாயிற்று, எல்லாம் நலம் என்று அமைதியடைவதற்கு இது ஒரு வரம்பிடுகிறது. பற்களைச் சுத்தம் செய்தால் கேப் கழன்றுவிடும் என்ற அச்சமும் பரவலாக உண்டு. நன்றாக ஒட்டிய கேப் அதிர்வுக் கருவியால் கழலாது. சுத்தம் செய்தபோது கழன்றது என்றால் உள்ளே பசை முன்பே கரைந்திருந்தது என்பதே பொருள், அது அன்று தெரியவந்தது நன்மையே. எனினும் பீங்கான் விளிம்பில் அக்கருவியின் நுனியை நேரே வைக்காமலிருக்கவும், பீங்கானை அரிக்கும் அமிலவகை ஃபுளோரைடு களிம்பைத் தவிர்த்து நடுநிலை வகையைப் பூசவும், எந்தெந்தப் பல்லில் கேப் இருக்கிறது என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கேப் கழன்று கையில் வந்துவிட்டால் அதைக் கழுவி, சிறு டப்பாவில் போட்டு, ஓரிரு நாளில் எடுத்துச்செல்ல வேண்டும். வீட்டில் செருப்பும் கண்ணாடியும் ஒட்டும் உடனடிப் பசையால் ஒட்டுவது திசுவைப் புண்ணாக்கும், கேப்பையும் கோணலாக அமர்த்திவிடும். பின்பு மருத்துவர் அதை உடைத்தே எடுக்க நேரும். தளர்ந்த கேப்பை வாயில் வைத்துக்கொண்டே உறங்குவது அதைவிட ஆபத்து. விழுங்கினால் பெரும்பாலும் இயல்பாக வெளியேறிவிடும். மூச்சுக்குழலுக்குள் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இருமல் நிற்காவிட்டாலும், ஒரு கட்டத்தில் நின்றுபோனாலும், கேப் எங்கே என்று தெரியாதவரை அலட்சியம் கூடாது.

நன்றாக அமைந்து நன்றாகக் காக்கப்பட்ட கேப் பத்து ஆண்டுகளைத் தாண்டுவது வழக்கம், இருபதைத் தொடுவதும் அரிதன்று. ஆண்டுகள் செல்ல ஈறு சற்றே தாழ்ந்து, மறைந்திருந்த விளிம்பு வெளியே தெரியத் தொடங்கும். பழைய உலோகப் பீங்கான் கேப்பில் அது கருங்கோடாகத் தோன்றும், அது கறையன்று, உலோகத்தின் ஓரம். ஒருநாள் அந்தக் கேப்பை மாற்ற வேண்டிவரும்போது, அதன் நடுவே ஒரு பள்ளம் வெட்டி, இரு பக்கமும் நெம்பி, முட்டையோடுபோல் பிளந்து எடுப்பார்கள். மருத்துவரின் கண் அப்போது கழன்ற கூட்டின் பக்கம் போவதில்லை. உள்ளே இருக்கும் பல் வெளிறிய மஞ்சள் நிறத்தில், உலர்ந்து, ஊசி பட்டால் கிணுகிணுக்கிறதா, அல்லது கறுத்து, ஈரமாகி, நனைந்த அட்டைபோல் விட்டுக்கொடுக்கிறதா என்று முதலில் பார்க்கிறார். பின்பு ஈறுக்கு மேலே சுற்றிலும் எஞ்சியிருக்கும் திடமான பல்லின் உயரத்தை அளவுக்கோடுகள் உள்ள ஊசியால் ஒவ்வொரு பக்கமாக அளக்கிறார். புதிய பூணுக்கு அளவெடுப்பதா, பல்லைப் பிடுங்குவதா என்பது அந்த ஒன்றரை மில்லிமீட்டரில் முடிவாகிறது.